செப்டம்பர் 11 பட்டியல்: ஒரே தேதி என்றால் ஒரே நாளா?

#1 நூலகத் திண்ணை

வணக்கம். நூலக வாசல் கரும்பலகையில் எழுதும் 'வரலாற்றில் இன்று' பகுதிக்குச் செப்டம்பர் 11-க்கான பட்டியல் தயார். பல இடங்களிலிருந்து திரட்டியது:

1893 – சிகாகோ சர்வசமயப் பேரவையில் விவேகானந்தர் உரை
1906 – ஜோகன்னஸ்பர்க்கில் காந்தி தலைமையில் கூட்டம், சத்தியாகிரகம் பிறப்பு
1918 – ஜெர்மனியில் கைசர் (பேரரசர்) முடிதுறப்பு
1921 – மகாகவி பாரதியார் மறைவு
1948 – ஜின்னா மறைவு
1973 – சிலியில் ராணுவப் புரட்சி, அதிபர் அயெந்தே மரணம்
2001 – நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதல்

ஒரே நாளில் இத்தனையா என்று மலைப்பாக இருப்பதால் 'விதியின் விளையாட்டு' என்று தலைப்பு வைக்க எண்ணம். அடுத்து ஏப்ரல் 23-க்கு, ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸும் 1616-இல் ஒரே நாளில் இறந்ததைப் போடப்போகிறோம். பிழை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

#2 ஏடுதேடி

1918-ஐ முதலில் அடித்துவிடுங்கள். அது நவம்பர் 9. ஜெர்மானியர்கள் நாளை முன்னால் எழுதி 9.11 என்பார்கள், அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் எழுதுவதால் 9/11 என்றால் செப்டம்பர் 11. நீங்கள் எடுத்த பட்டியலை யாரோ இயந்திரத்தில் கொடுத்துப் பிரித்திருக்கிறார்கள், நாளும் மாதமும் இடம் மாறிவிட்டன. நாள் எண் 12-ஐத் தாண்டாத எல்லாத் தேதிக்கும் இந்த ஆபத்து உண்டு. 13 முதல் 31 வரை மாற்றிப் போட்டால் மாதமே இல்லாமல் பிழை வெளியே தெரிந்துவிடும், 1 முதல் 12 வரை சத்தமில்லாமல் போய்விடும். அதனால் சேகரிக்கும்போதே மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்.

1906-இலும் ஒரு திருத்தம். ஜோகன்னஸ்பர்க் எம்பயர் தியேட்டரில் நடந்த அந்தக் கூட்டத்துக்குக் காந்தி தலைமை தாங்கவில்லை. தலைவர் அப்துல் கனி. இறைவனைச் சாட்சியாக வைத்து உறுதி எடுப்போம் என்று மேடையில் வலியுறுத்தியவர் ஹாஜி ஹபீப். அந்த உறுதிமொழியின் கனம் என்ன, மீறினால் என்ன ஆகும் என்று விளக்கிப் பேசியவர்தான் காந்தி. 'சத்தியாகிரகம்' என்ற பெயரும் அன்றைக்குக் கிடையாது, பிறகு வந்தது. 'டிரான்ஸ்வால் இந்தியர்கள் கறுப்புச் சட்டத்துக்கு அடிபணிய மாட்டோம் என உறுதி ஏற்றனர்' என்று எழுதினால் எந்தச் சிக்கலும் இல்லை. (தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் இந்தியர்கள் கைரேகையோடு பதிவு செய்யவேண்டும் என்ற சட்டம் அது.)

#3 பஞ்சாங்கப்புலி

பாரதியைப் பற்றி யாரும் கேட்கக் காணோமே. அவர் உயிர் பிரிந்தது நள்ளிரவு தாண்டி ஏறக்குறைய ஒன்றரை மணிக்கு. ஆங்கிலக் கணக்கில் அது செப்டம்பர் 12, திங்கட்கிழமை. மாநகராட்சிப் பதிவும் 12 என்றே சொல்கிறது. பிறகு 11 எப்படி வந்தது? நம் ஊரில் நாள் என்பது சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை. ராத்திரி ஒன்றரை மணி என்றால் வீட்டில் எல்லாருக்கும் அது 'ஞாயிற்றுக்கிழமை ராத்திரி'தான். அந்த ஞாயிறு 11-ஆம் தேதி. துன்மதி வருடம் ஆவணி மாதத்து ஞாயிறு அடுத்த உதயம்வரை நீள்கிறது, ஆங்கிலத் தேதியோ பன்னிரண்டு அடித்ததும் முறிந்துவிடுகிறது. யாரும் பொய் சொல்லவில்லை, அளவுகோல் வேறு.

பலகையில் எழுத என் யோசனை: 'செப்டம்பர் 11 நள்ளிரவுக்குப் பின், 12 அதிகாலை' என்று இரண்டையும் போடுங்கள். அரசு மகாகவி நாளாகக் கொண்டாடுவது 11-இல் என்பதால் அந்தப் பலகையிலிருந்து அவரை எடுக்கவும் வேண்டாம்.

#4 குறுக்குக் கணக்கு

புலி அண்ணன் சொன்னது எல்லா நள்ளிரவுச் சாவுக்கும் பொருந்தும். இரவு 12-லிருந்து காலை 6 வரை நடந்த எதற்கும் பழைய தமிழ்ப் பதிவில் ஒரு நாள் முன்னதாகத் தேதி இருக்கலாம். இஸ்லாமியக் கணக்கில் இதற்கு நேர்மாறு: நாள் மாலை மறைவில் தொடங்குகிறது, ஆகவே இரவு 8 மணி நிகழ்வுக்கு ஒரு நாள் பின்தேதி விழும். ஹிஜ்ரி தேதியை அட்டவணை வைத்து மாற்றினால் பிறை பார்த்ததைப் பொறுத்து இன்னொரு நாளும் முன்பின் ஆகும். கிழமை கொடுத்திருந்தால் அதை வைத்து நேர்செய்யலாம். இல்லாவிட்டால் 'ஒரு நாள் முன்பின்' என்ற குறிப்போடு விடுவதே நல்லது.

#5 ஏடுதேடி

இப்போது ஏப்ரல் 23-க்கு வருவோம். அந்த வரியை அப்படியே எழுதினால் இரண்டு பிழை.

ஒன்று, செர்வாண்டிஸ் மாட்ரிட்டில் இறந்தது ஏப்ரல் 22. 23 என்பது அடக்கம் நடந்த நாள். அக்காலத் திருச்சபைப் பதிவேட்டில் அடக்கத் தேதிதான் பெரும்பாலும் ஏறும், பின்னால் வருபவர்கள் அதையே இறந்த தேதியாகப் படித்துவிடுவார்கள். பிறப்பிலும் இதே கதை: ஷேக்ஸ்பியருக்கு நமக்குக் கிடைப்பது 1564 ஏப்ரல் 26 ஞானஸ்நானப் பதிவு மட்டும். ஏப்ரல் 23-இல் பிறந்தார் என்பது வழக்கமாகச் சொல்லி வந்தது, அது புனித ஜார்ஜ் திருநாளாகவும் அமைந்ததில் எல்லாருக்கும் சௌகரியம்.

இரண்டு, ஸ்பெயின் 1582-லேயே கிரிகோரியன் நாட்காட்டிக்கு (போப் கிரிகோரி கொண்டுவந்தது, இன்று நாம் பயன்படுத்துவது) மாறிவிட்டது. இங்கிலாந்து 1752 வரை அதற்கு முந்தைய ஜூலியன் நாட்காட்டி. 1616-இல் வித்தியாசம் 10 நாள். ஷேக்ஸ்பியர் இறந்த ஏப்ரல் 23 மாட்ரிட்காரருக்கு மே 3. ஆக ஒருவர் போய்ப் பதினோரு நாள் கழித்துத்தான் இன்னொருவர் போனார். யுனெஸ்கோ 1995-இல் ஏப்ரல் 23-ஐப் புத்தக நாளாக அறிவித்தது, அது நல்ல காரியம்தான். 'ஒரே தேதி' என்று எழுதலாம், 'ஒரே நாள்' என்று எழுதக்கூடாது.

#6 மலைக்கோட்டை வாசகன்

பத்து நாளைக் கூட்டுவதா கழிப்பதா என்பதில்தான் எப்போதும் குழப்பம். வித்தியாசமும் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு மாறுகிறதே. கையால் சரிபார்க்க வழி இருக்கிறதா?

#7 குறுக்குக் கணக்கு

இருக்கிறது. ஜூலியன் தேதியிலிருந்து கிரிகோரியனுக்குப் போக எப்போதும் கூட்டல். 1582 அக்டோபரிலிருந்து 1700 பிப்ரவரி முடிய 10, பிறகு 1800 பிப்ரவரி வரை 11, 1900 பிப்ரவரி வரை 12, அதன்பின் 2100 பிப்ரவரி வரை 13. நிகழ்வு நடந்த ஆண்டின் எண்ணைப் போடவேண்டும், இன்றைய எண்ணை அல்ல. லெனின் பிறப்பில் பலர் வழுக்குவது இங்கேதான். பழைய கணக்கில் 1870 ஏப்ரல் 10. அது 19-ஆம் நூற்றாண்டு, ஆகவே 12 கூட்டி ஏப்ரல் 22. இன்றைய 13-ஐக் கூட்டினால் 23 வந்து, அவரையும் ஷேக்ஸ்பியர் பலகையில் ஏற்றிவிடுவீர்கள்.

சந்தேகம் தீர நாள் எண் போட்டுப் பாருங்கள். ஜூலியன் நாள் எண் என்பார்கள், ஆனால் ஜூலியன் நாட்காட்டியோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கி.மு. 4713-லிருந்து ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டே வரும் தொடர் எண், அவ்வளவே. மாதத்தை மார்ச் 0, ஏப்ரல் 1, மே 2 என்று எண்ணவேண்டும். ஜனவரி 10, பிப்ரவரி 11, அந்த இரண்டுக்கும் ஆண்டில் ஒன்றைக் குறைக்கவேண்டும். எல்லா வகுத்தலிலும் மீதியை விட்டுவிட்டு முழு எண் மட்டும்.

ஷேக்ஸ்பியர், ஜூலியன் 1616 ஏப்ரல் 23:
ஆண்டு + 4800 = 6416
மாதப் பங்கு (ஏப்ரலின் எண் 1): (153 × 1 + 2) ÷ 5 = 31
365 × 6416 = 23,41,840
6416 ÷ 4 = 1604
23 + 31 + 23,41,840 + 1604 − 32,083 = 23,11,415

செர்வாண்டிஸ், கிரிகோரியன் 1616 ஏப்ரல் 22: இங்கே நூற்றாண்டுத் திருத்தம் சேரும். 6416-ஐ 100-ஆல் வகுத்த 64-ஐக் கழித்து, 400-ஆல் வகுத்த 16-ஐக் கூட்டி, கடைசியில் 32,045 கழிக்கவேண்டும்.
22 + 31 + 23,41,840 + 1604 − 64 + 16 − 32,045 = 23,11,404

இரண்டுக்கும் இடையே 11. ஏடுதேடி ஐயா கணக்கு சரி.

இந்த எண்ணை 7-ஆல் வகுத்து மீதியைப் பார்த்தால் கிழமையும் கிடைக்கும்: 0 திங்கள், 1 செவ்வாய், இப்படியே 6 ஞாயிறு. 23,11,415-க்கு மீதி 1, ஷேக்ஸ்பியர் போனது செவ்வாய்க்கிழமை. 23,11,404-க்கு மீதி 4, செர்வாண்டிஸ் வெள்ளிக்கிழமை. எந்தச் சீர்திருத்தமும் கிழமைச் சுற்றைத் தொடவில்லை என்பதை மறக்கவேண்டாம். 1582-இல் அக்டோபர் 4 வியாழன், மறுநாள் 15 வெள்ளி. இங்கிலாந்தில் 1752 செப்டம்பர் 2 புதன், மறுநாள் 14 வியாழன். ஆகவே பழைய பதிவில் கிழமை இருந்தால் தேதியைவிட அதை முதலில் நம்புங்கள். தேதியை நகல் எடுப்பவர் மாற்றி எழுதியிருக்கலாம், கிழமையையும் அதற்கேற்ப மாற்றி எழுத யாரும் மெனக்கெட மாட்டார்கள்.

#8 நூலகத் திண்ணை

மிக்க நன்றி குறுக்குக் கணக்கு சார். எக்செல் தாளில் போட்டால் இதுவே தானாக வந்துவிடாதா? 365 நாளுக்கும் ஒரே தாள் வைத்திருக்கிறோம்.

#9 குறுக்குக் கணக்கு

வராது. எக்செலுக்கு உலகம் 1900 ஜனவரி 1-இல்தான் தொடங்குகிறது. 11-09-1893 என்று அடித்தால் அதைத் தேதியாக எடுக்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். வரிசைப்படுத்தும்போது 1893 ஒரு பக்கமும் 1906 இன்னொரு பக்கமும் போவது அதனால்தான். தேதிச் சூத்திரத்தில் ஆண்டாக 1616 கொடுத்தால் இன்னும் வேடிக்கை: 1900-ஐக் கூட்டி 3516 ஆக்கிவிடும். போதாக்குறைக்கு 1900 பிப்ரவரி 29 என்று இல்லாத ஒரு நாளும் அதில் உண்டு. லோட்டஸ் 1-2-3 மென்பொருளில் இருந்த பிழையை ஒத்துப்போவதற்காக அப்படியே வைத்துக்கொண்டார்கள். அதனால் 1900 ஜனவரி, பிப்ரவரி தேதிகளுக்குக் கிழமை ஒன்று பிசகும்.

லிப்ரே ஆபீஸ் பழைய தேதியை ஏற்கும், 1582 அக்டோபர் 15-க்கு முன்னால் உள்ளதை ஜூலியனாக எடுத்துக்கொள்ளும். பைத்தானின் தேதி நூலகம் கிரிகோரியனையே பின்னோக்கி நீட்டிக்கொண்டு போகும். இரண்டும் இங்கிலாந்து 1752 வரை காத்திருந்ததை அறியாது. ஒரு நாடு எப்போது மாறியது என்பதை நீங்கள்தான் சொல்லித்தரவேண்டும்.

தாளில் ஒரே தேதிக் கட்டம் போதாது. ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனிக் கட்டத்தில் வெறும் எண்ணாகப் போடுங்கள். பக்கத்தில் 'எந்த நாட்காட்டி', 'எந்த ஊர் நேரம்', 'எதன் தேதி' (இறப்பா, அடக்கமா, அறிவிப்பா) என்று மூன்று கட்டம். எல்லாவற்றுக்கும் பின் நாள் எண். 'ஒரே நாள்' என்று சொல்ல நாள் எண் ஒத்துப்போகவேண்டும்.

#10 பினாங்குப் பாலம்

ஊர் நேரம் என்ற கட்டம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு எங்கள் பக்கத்து உதாரணம். பெர்ல் ஹார்பர் தாக்குதல் 1941 டிசம்பர் 7 என்கிறார்கள், ஜப்பானியர் மலாயாவில் கோத்தா பாருவில் இறங்கியது டிசம்பர் 8. படிப்பவர்கள் மலாயா மறுநாள் விழுந்ததாக நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் கோத்தா பாருவில் படகுகள் கரைக்கு வந்தபோது ஹவாயில் குண்டு விழ இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. ஹவாயில் காலை 7.48 என்பது கிரீன்விச்சில் அதே நாள் மாலை 6.18, டோக்கியோவில் 8-ஆம் தேதி அதிகாலை 3.18. அப்போதைய ஹவாய் நேரம் கிரீன்விச்சுக்குப் பத்தரை மணி பின்னால், இன்றைக்கு இருப்பதுபோல் பத்து மணி அல்ல. மலாயா நேரம் ஏழரை மணி முன்னால். பழைய மணியை இன்றைய வித்தியாசத்தால் மாற்றினால் அரைமணி பிசகும், நள்ளிரவை ஒட்டிய நிகழ்வாக இருந்தால் தேதியே மாறும்.

#11 மலைக்கோட்டை வாசகன்

அப்படியானால் 1963 நவம்பர் 22? கென்னடி, ஆல்டஸ் ஹக்ஸ்லி, சி. எஸ். லூயிஸ் மூவரும் ஒரே நாளில் என்று எல்லாப் பட்டியலிலும் வருகிறதே.

#12 ஏடுதேடி

அவரவர் ஊர்த் தேதிப்படி மூன்றும் 22, அதில் தவறில்லை. பொதுவான ஒரு கடிகாரத்தில் வைத்தால் கலைகிறது. லூயிஸ் ஆக்ஸ்ஃபோர்டில் மாலை ஐந்தரைக்கு விழுந்து சில நிமிடத்தில் இறந்தார். கென்னடி சுடப்பட்டது டல்லாஸ் நேரம் பகல் 12.30, கிரீன்விச்சில் மாலை 6.30. லாஸ் ஏஞ்சலிஸில் ஹக்ஸ்லி மாலை 5.20-க்கு, அது கிரீன்விச்சில் 23-ஆம் தேதி அதிகாலை 1.20.

நம் நேரத்துக்கு மாற்றினால் விசித்திரம்: டல்லாஸில் துப்பாக்கி வெடித்தபோது இங்கே சரியாக நள்ளிரவு 12. லூயிஸ் நமக்கு 22 இரவு 11 மணி, கென்னடியும் ஹக்ஸ்லியும் 23. உலகத்துக்கெல்லாம் ஒரே தேதி கொடுக்க முடியாது என்பதால் வழக்கம் ஒன்றுதான்: நிகழ்வு நடந்த இடத்து நேரம், அன்றைய சட்டப்படியான தேதி.

விவேகானந்தரையும் இதே விதியில் விடுங்கள். சிகாகோவில் 11 பிற்பகல். அதை இந்திய நேரத்துக்கு மாற்றி 12 என்று யாராவது கிளம்பினால், 1893-இல் 'இந்திய நேரம்' என்ற ஒன்றே கிடையாது, 1906-இல்தான் வந்தது, அதற்குமுன் ரயில்கள் ஓடியது சென்னை நேரத்தில் என்று சொல்லி அனுப்பிவிடலாம்.

#13 பஞ்சாங்கப்புலி

விவேகானந்தர் பெயர் வந்ததால் ஒன்று. அவர் பிறந்தது 1863 ஜனவரி 12, அன்றைக்கு மகர சங்கராந்தி. இன்று சங்கராந்தி 14, சில ஆண்டு 15. யாரோ பொங்கலைத் தள்ளிப்போட்டுவிட்டார்கள் என்று கிளம்பாதீர்கள். நம் பஞ்சாங்கத்தின் சூரிய ஆண்டு ஏறத்தாழ 365.2588 நாள், கிரிகோரியன் ஆண்டு சராசரி 365.2425. வருடத்துக்கு 0.0163 நாள் நழுவி, அறுபது வருடத்துக்கு ஒரு நாள் என்ற கணக்கில் பொங்கல் பின்னால் போய்க்கொண்டே இருக்கிறது. 160 வருடத்தில் இரண்டரை நாள். ஆகவே இன்றைய காலண்டரைக் கிழித்துப் பார்த்து 'ஆவணி 27 என்றால் செப்டம்பர் 12' என்று 1750-ஆம் வருடத்து ஓலைக்குத் தேதி போட்டால் நாலு நாள் தவறும்.

ராமகிருஷ்ண மடம் அவர் ஜயந்தியைத் திதிப்படி கொண்டாடுகிறது, அரசு இளைஞர் நாளை ஜனவரி 12-இல் வைத்திருக்கிறது. ஒருவருக்கே இரண்டு தேதி. குருபூஜைகளுக்கு நட்சத்திரம் பிரதானம், அது ஆங்கிலத் தேதியில் வருடா வருடம் நகரும். அவற்றை இந்தத் தாளில் ஏற்றவேண்டாம், தனித் தாள் வையுங்கள்.

#14 ஏடுதேடி

புலியார் சொன்ன தமிழ்த் தேதிக்கு ஒரு நல்ல பயனும் உண்டு. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்தார்கள். ஆங்கிலேயர் ஆவணத்தில் செப்டம்பர் 10, புதுச்சேரி ஆவணத்தில் செப்டம்பர் 21. ஒரே புதன்கிழமை. நூற்றறுபது கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு நகரம் பதினோரு நாள் வித்தியாசத்தில் வாழ்ந்துகொண்டிருந்தன, 1752 வரை. ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் தமிழ் வருடம், மாதம், தேதி, கிழமையோடு பிரெஞ்சுக்காரர் தேதியையும் எழுதிவைத்ததால் நமக்குக் கவலையில்லை: அட்சய வருடம், புரட்டாசி. லண்டனும் ரோமும் எப்படிச் சண்டை போட்டாலும் புரட்டாசிக்கு அது தெரியாது. மூன்றாவது சாட்சி மாதிரி.

ஆனால் வருடப் பெயர் மட்டும் இருந்தால் போதாது. அட்சய 1686-லும் வரும், 1806-லும் வரும். அறுபதில் எந்தச் சுற்று என்று வேறு சான்று வேண்டும்.

#15 வடக்குமாடவீதி

எல்லாம் சரி, இவ்வளவு மெனக்கெடல் ஒரு கரும்பலகைக்கா? மக்கள் ஒரு நிமிடம் நின்று படித்துவிட்டுப் போகிறார்கள். நியூட்டன் பிறந்த வருடம் கலிலியோ இறந்தார் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்கிறார்கள், யாருக்கு என்ன நஷ்டம்?

#16 குறுக்குக் கணக்கு

அந்த உதாரணமே தவறு என்பதுதான் நஷ்டம். நியூட்டன் பிறந்தது ஜூலியன் 1642 டிசம்பர் 25, கிரிகோரியன் 1643 ஜனவரி 4. கலிலியோ இறந்தது கிரிகோரியன் 1642 ஜனவரி 8, ஜூலியன் 1641 டிசம்பர் 29. எந்த நாட்காட்டியை எடுத்தாலும் ஒரே வருடம் வராது. ஒருவருக்கு ஒன்றும் மற்றவருக்கு இன்னொன்றும் எடுத்தால் மட்டும் வரும்.

அதே கலிலியோவுக்கு உண்மையான ஜோடி இருக்கிறது: 1942 ஜனவரி 8-இல் ஹாக்கிங் பிறந்தார். இரண்டும் கிரிகோரியன், சரியாக 300 ஆண்டு. ஹாக்கிங் இதைத் தானே சொல்லிவிட்டு, அன்றைக்கு இன்னும் இரண்டு லட்சம் குழந்தைகளும் பிறந்திருக்கும் என்று சிரித்தார். 1809 பிப்ரவரி 12 இன்னும் சுத்தம்: டார்வினும் லிங்கனும் ஒரே நாள், ஒரே நாட்காட்டி, ஞாயிற்றுக்கிழமை. சுத்தமானது இருக்கும்போது கலப்படம் எதற்கு, வீதியாரே?

#17 ஏடுதேடி

இங்கிலாந்து வருடம் பற்றி ஒரு வரி விட்டுப்போயிற்று. அங்கே 1751 வரை சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் 24 வரை உள்ளவை பழைய ஆண்டு எண்ணிலேயே இருக்கும். முதலாம் சார்லஸ் தலை வெட்டப்பட்டது அன்றைய ஏட்டில் 1648 ஜனவரி 30, நமக்கு 1649. வாஷிங்டன் பிறப்பு 1731 பிப்ரவரி 11, பிறகு 1732 பிப்ரவரி 22 ஆயிற்று, நாளும் ஆண்டும் இரண்டும் மாறி. ஜனவரி 30 பலகையில் காந்தி கொலையோடு சார்லஸையும் போடுபவர்கள் கவனிக்கவும்: கிரிகோரியனில் அது பிப்ரவரி 9.

#18 நூலகத் திண்ணை

'விதியின் விளையாட்டு' தலைப்பு பற்றி யாரும் சொல்லவில்லையே?

#19 குறுக்குக் கணக்கு

வேண்டாம். 23 பேர் இருக்கும் அறையில் யாராவது இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமைய 50.7 சதவீத வாய்ப்பு, 57 பேர் என்றால் 99-ஐத் தொடும். இது 'ஏதோ ஒரு தேதி' என்பதால். செப்டம்பர் 11 என்று ஒன்றை முதலிலேயே குறித்துவிட்டு அதில் பிறந்தவரைத் தேடினால் 50 சதவீதத்துக்கு 253 பேர் வேண்டும். ஆனால் வரலாற்றிலிருந்து நீங்கள் எடுப்பது 253 நிகழ்வா? ஆயிரக்கணக்கில். ஏழு வரி சேராத தேதியே இருக்காது. செப்டம்பர் 11 தனியாகத் தெரிவதற்குக் காரணம், 2001-க்குப் பிறகு எல்லாரும் அந்தத் தேதியில் தேடத் தொடங்கியதுதான்.

#20 ஏடுதேடி

தற்செயல், திட்டமிட்டது, ஒன்றால் ஒன்று வந்தது என்று மூன்றாகப் பிரித்து எழுதினால் பலகைக்கே ஒரு சுவை வரும். திட்டமிட்டதற்கு ஜனவரி 26: 1930-இல் பூரண சுயராஜ்ய நாளாகக் கொண்டாடியதால், 1949 நவம்பர் 26-இல் ஏற்ற அரசியலமைப்பை இரண்டு மாதம் காத்திருந்து 1950-இல் அதே நாளில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஆகஸ்ட் 15-உம் அப்படியே, ஜப்பான் சரணடைந்த இரண்டாம் ஆண்டு நாள் என்று மௌண்ட்பேட்டன் தேர்ந்தது. கொரியாவின் விடுதலை நாளும் அதுவாக இருப்பதற்கும் ஜப்பானின் சரணாகதிதான் காரணம். இதில் விதிக்கு வேலையில்லை.

ஆனால் நீங்கள் தவறாகப் போட்ட நவம்பர் 9 இருக்கிறதே, மூன்றும் ஒன்றாகப் பின்னிக்கிடப்பது அங்கேதான். 1848-இல் வியன்னாவில் ஜெர்மன் ஜனநாயகவாதி ராபர்ட் ப்ளூம் சுட்டுக்கொல்லப்பட்டது தற்செயல் என்று தள்ளிவையுங்கள். 1918-இல் கைசர் முடிதுறந்ததாகப் பிரதமர் மாக்ஸ் ஃபான் பாடன் அறிவிக்கிறார். பிற்பகல் இரண்டு மணி அளவில் சமூக ஜனநாயகக் கட்சியின் ஷைடமான் நாடாளுமன்ற மாடத்திலிருந்து குடியரசு என்கிறார், இரண்டு மணி நேரம் கழித்து தீவிர இடதுசாரித் தலைவர் லீப்க்னெக்ட் அரண்மனையிலிருந்து வேறொரு குடியரசை அறிவிக்கிறார். கைசர் கையெழுத்துப் போட்டதோ நவம்பர் 28-இல். இங்கே 'எதன் தேதி' கட்டம் உதவும்: 9 என்பது அறிவிப்பின் தேதி.

1923-இல் மியூனிக் பீர் மண்டபத்தில் ஹிட்லர் ஆட்சியைக் கவிழ்க்கக் கிளம்பியது 8-ஆம் தேதி இரவு, ஊர்வலம் சுடப்பட்டு முடிந்தது 9 நண்பகல். இதற்கப்புறம் வருவதெல்லாம் சங்கிலி. ஆட்சிக்கு வந்தபின் அந்த நாளுக்கு ஆண்டுதோறும் மியூனிக்கில் நினைவுக் கூட்டம். 1938-இல் கட்சித் தலைவர்கள் எல்லாரும் அதற்காக ஒரே மண்டபத்தில் விருந்தில் இருந்தபோதுதான், பாரிஸில் சுடப்பட்ட ஜெர்மன் தூதரக அதிகாரி இறந்த செய்தி வந்தது. பிரசார அமைச்சர் கோயபல்ஸ் அங்கேயே பேசினார், கேட்டவர்கள் எழுந்துபோய் அவரவர் மாவட்டத்துக்குத் தொலைபேசியில் உத்தரவிட்டார்கள். யூதர் கடைகளும் ஜெபக்கூடங்களும் எரிந்தது பெரும்பாலும் 10 அதிகாலையில். மறுவருடம் ஹிட்லரைக் கொல்ல கியோர்க் எல்சர் என்ற தச்சர் 1923-இன் அதே பீர் மண்டபத் தூணில் குண்டு வைக்க நவம்பர் 8-ஐத் தேர்ந்ததும், அந்த இரவு ஹிட்லர் அங்கே கட்டாயம் பேசுவார் என்பது ஊருக்கே தெரிந்திருந்ததால்தான். குண்டு 9.20-க்கு வெடித்தது, ஹிட்லர் பதின்மூன்று நிமிடம் முன்பே கிளம்பிவிட்டார்.

1989-இல் பெர்லின் மதில் திறந்ததோ சுத்தமான தடுமாற்றம். புதிய பயண விதியை 10-ஆம் தேதி அதிகாலை 4 மணிக்குத்தான் வெளியிட இருந்தார்கள். கிழக்கு ஜெர்மனி அரசின் சார்பில் பேசிய ஷாபோவ்ஸ்கியிடம் அது சரியாகச் சொல்லப்படவில்லை. 9 மாலை செய்தியாளர் கூட்டத்தில் எப்போதிலிருந்து என்று கேட்டதற்குக் காகிதத்தைப் புரட்டிவிட்டு, உடனடியாக, தாமதமின்றி என்றார். இரவு பதினொன்றரைக்குப் பெர்லினின் போர்ன்ஹோல்மர் தெரு எல்லைக் கதவு திறந்தது. இத்தனையும் ஒரே தேதியில் கிடப்பதால்தான் ஜெர்மானியர்கள் நவம்பர் 9-ஐத் தேசிய நாளாக வைத்துக்கொள்ளவில்லை. ஒற்றுமை நாள் அக்டோபர் 3.

#21 வடக்குமாடவீதி

சரி, ஒப்புக்கொள்கிறேன், இதைப் படிக்க ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்பேன். அமெரிக்காவில் முன்னாள் அதிபர்கள் ஆடம்ஸும் ஜெஃபர்சனும் 1826 ஜூலை 4-இல் ஒன்றாக இறந்தது எந்தப் பெட்டி?

#22 குறுக்குக் கணக்கு

நாள் எண் ஒத்துப்போகிறது, நாட்காட்டி ஒன்று, சில மணி நேர இடைவெளி, ஜெஃபர்சன் முதலில். தற்செயல் என்றே எழுதுங்கள், விடுதலைப் பிரகடனத்தின் பொன்விழா நாள் வரை உயிரைப் பிடித்துவைத்திருந்தார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. 1831-இல் இன்னொரு முன்னாள் அதிபர் மன்றோவும் அதே தேதியில் போனார். ஆனால் 'விடுதலைக்கு வாக்களித்த நாள்' என்று போடவேண்டாம். வாக்கெடுப்பு 1776 ஜூலை 2. ஜூலை 4 பிரகடனத்தின் வாசகத்தை ஏற்ற நாள். பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2.

#23 நூலகத் திண்ணை

திருத்திய வரிகள்: 1906 – ஜோகன்னஸ்பர்க் எம்பயர் தியேட்டரில் டிரான்ஸ்வால் இந்தியர் உறுதிமொழி. 1918 நீக்கம், நவம்பர் 9-க்கு மாற்றம். 1921 – பாரதியார் மறைவு (11 நள்ளிரவுக்குப் பின், 12 அதிகாலை). மற்றவை அப்படியே. தலைப்பு வெறும் 'செப்டம்பர் 11'. ஏப்ரல் 22 பலகையில் செர்வாண்டிஸ் மறைவு, 23-இல் ஷேக்ஸ்பியர், பக்கத்தில் 'பழைய நாட்காட்டி, இன்றைய கணக்கில் மே 3'.

கடைசியாக ஒரு சந்தேகம். அவிலாவின் புனித தெரசா இறந்தது 1582 அக்டோபர் 4 என்று ஒரு நூலில், 15 என்று இன்னொன்றில். எது அடக்கம், எது இறப்பு?

#24 ஏடுதேடி

இரண்டும் அதே இரவு. ஸ்பெயினில் அக்டோபர் 4 முடிந்து 15 விடிந்த அந்த ஒரே இரவில்தான் அவர் போனார். திருநாள் 15, பலகையிலும் அங்கேயே போடுங்கள். அப்படியே தாளில் 1582 அக்டோபர் 5 முதல் 14 வரை ஸ்பெயின், போர்ச்சுகல், இத்தாலி, போலந்து என்று ஏதாவது வரி இருந்தால் பிழை, தேடிப் பாருங்கள். பிரான்ஸ் என்றால் டிசம்பர் 10 முதல் 19 வரை. இங்கிலாந்து வரியாக இருந்தால் விட்டுவிடுங்கள், அவர்களுக்கு அந்தப் பத்து நாளும் இருந்தது.